மூணு கிகாஹெர்ட்ஸும் ஒரு மொட்டை போட்டோவும்!

‘‘அப்பா... நாளையிலேருந்து நம்ம கம்ப்யூட்டர் பறக்கும் பாருங்க!’’

போன வருஷம் ஆகஸ்ட் 28-ம் தேதி ராத்திரி நான் விட்ட சவுண்டு இது. மறுநாள் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். ஆகஸ்ட் 29-ல் தொடங்கி செப்டம்பர் 8 வரை எங்க ஊர், ஊராவே இருக்காது. காவி டிரெஸ்ஸில் நடந்தே வருகிறவர்கள், வேன் பிடித்து வருகிறவர்கள், மொட்டை, காதுகுத்து என்று திரும்பிய பக்கமெல்லாம் தலைகள். அந்தப் பதினோரு நாள் கூட்டத்தை நம்பித்தான் எங்கள் போட்டோ ஸ்டுடியோவின் மீதி வருஷமே ஓடுகிறது.

ஸ்டுடியோவின் முதுகெலும்பு, 2009-ல் வாங்கிய டெஸ்க்டாப். உள்ளே இருப்பது 2008-ல் வெளிவந்த இன்டெல் பென்டியம் டூயல் கோர் ஈ5200. ரெண்டு கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ். ‘புதுசு வாங்க வேண்டியதுதானே பாஸ்?’ என்பீர்கள். எங்கள் போட்டோ பிரின்டரின் டிரைவர் பழைய விண்டோஸில்தான் ஓடும். கம்ப்யூட்டரை மாற்றினால் பிரின்டரையும் மாற்றணும். பட்ஜெட்டா? ஹி... ஹி...!

ஒரு போட்டோவுக்குப் பேக்ரவுண்ட் மாற்றி சேவ் பண்ணுவதற்குள் கஸ்டமர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார். ‘வீட்ல ஒரு இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட் இருந்தும் இந்த நிலைமையா?’ என்று பொங்கி எழுந்துதான் ஓவர்கிளாக்கிங்கில் கை வைத்தேன்.

விஷயம் சிம்பிள். பிராசஸரின் வேகம் என்பது ஒரு பெருக்கல் கணக்கு. போர்டிலிருந்து வரும் அடிப்படைத் துடிப்பு (இதுதான் எஃப்.எஸ்.பி.) 200 மெகாஹெர்ட்ஸ். அதை 12.5-ஆல் பெருக்கினால் 2500. அந்த 12.5-ஐ நாம் கூட்ட முடியாது. கம்பெனியிலேயே பூட்டி அனுப்பிவிடுவார்கள். ஆனால், 200-ஐ பயாஸில் போய் 240 ஆக்கினால்? 12.5 x 240 = 3000. பைசா செலவில்லாமல் 3 கிகாஹெர்ட்ஸ்!

இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. 1998-ல் வந்த செலரான் 300ஏ சிப்பை, 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸிலிருந்து 100-க்கு ஏற்றி, 300 மெகாஹெர்ட்ஸ் சிப்பை 450-ல் ஓட்டியது ஒரு தலைமுறை. ஓவர்கிளாக்கர்களின் சூப்பர் ஸ்டார் அது!

நானும் 240 போட்டேன். விண்டோஸ் சமர்த்தாகத் திறந்தது. பாட்டு பாடியது, படம் ஓட்டியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 5. நடந்தே வந்த ஒரு குடும்பம். குழந்தைக்கு முதல் மொட்டை. சந்தனம் பூசிய தலையோடு தாத்தா மடியில் உட்காரவைத்து அப்பா ஆறு போட்டோ எடுத்தார். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணி, கார்டை ஃபார்மேட் அடித்து, அடுத்த கஸ்டமரைப் பார்க்கப் போய்விட்டார். திருவிழா அவசரம்!

ராத்திரி பிரின்ட் போடலாம் என்று திறந்தால்... ஆறில் நாலு போட்டோ அவுட். பாதி வரை குழந்தையின் மொட்டை, அதற்குக் கீழே சாம்பல் கலர் பட்டை. தாத்தாவின் முகம் இருந்த இடத்தில் கோடு கோடாக ஏதோ. மிச்சம் ரெண்டில் குழந்தை அழுது திரும்பியிருந்தது. கார்டில் தேடலாம் என்றால், அதில் அதற்குள் முந்நூறு புதுப் படங்கள்.

காலையில் பிரின்ட் வாங்க வந்த அம்மாவிடம் அப்பா விஷயத்தைச் சொன்னார். ‘திரும்ப எடுத்துத் தர்றேன்மா, காசு வேணாம்’ என்றார். அந்த அம்மா சண்டை போடவில்லை. ‘‘தாத்தா ராத்திரி பஸ்லயே ஊருக்குப் போயிட்டாரேண்ணே...’’ என்றார். அவ்வளவுதான். தாத்தா இல்லாமலேயே இன்னொரு படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. கடையைச் சாத்தும்போது ஒரே ஒரு வார்த்தை: ‘‘மெதுவா ஓடுனப்ப ஒரு போட்டோவும் போனதில்லப்பா.’’

அன்றைக்கே 2.5-க்கு இறக்கினேன். திருவிழா முடிந்ததும்தான் என்ன நடந்தது என்று உட்கார்ந்து படித்தேன்.

எங்க ஊர் காவிரியின் கடைமடைப் பக்கம். தலைமடையில் தண்ணியைக் கூட்டினால், அது எல்லா வாய்க்காலிலும்தான் ஏறும். மதகை அட்ஜஸ்ட் பண்ணாவிட்டால் எங்கேயோ ஒரு சின்ன வாய்க்காலில் கரை உடையும். எஃப்.எஸ்.பி-யும் அப்படித்தான். நான் பிராசஸருக்கு என்று கூட்டினேன். ராமும் சேர்ந்து ஏறிவிட்டது. 800-ல் ஓட வேண்டிய டி.டி.ஆர்.2 ராம், எனக்குத் தெரியாமலே 960-ல் ஓடியிருக்கிறது! கார்டிலிருந்து வரும் ஒவ்வொரு போட்டோவும் ராம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகும். ராமில் ஒரு பிட் புரண்டால், புரண்டபடியே சேவ் ஆகும். ஜேபெக் படம் சுருக்கி எழுதப்பட்டது. நடுவில் ஒரு பிட் தப்பானால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் கோளாறாகிவிடும். மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸை பென் டிரைவில் போட்டு அதே 240-ல் ஓட்டினேன். பத்தே நிமிஷத்தில் திரை முழுக்க சிவப்பு வரிகள்!

‘ஓவர்கிளாக் பண்ணா பிராசஸர் எரிஞ்சிடும்’ என்றுதான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். ரொம்பச் சூடானால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லை ஆஃப் ஆகிவிடும். அது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரிகிற தப்பு. பயப்பட வேண்டியது, எல்லாம் நல்லா ஓடுகிற மாதிரி காட்டிக்கொண்டே ஃபைலைக் கெடுக்கும் தப்புக்குத்தான்.

அதனால ஃப்ரெண்ட்ஸ், உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால், நான் பல்பு வாங்கிக் கற்றது இது...

முதலில் ஃபைல்களையெல்லாம் வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். முடிந்தால் அசல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஓட்டை டிஸ்க்கில் சோதனை பண்ணுங்கள். பவர் வயரைப் பிடுங்கிவிட்டு கேபினெட்டைத் திறந்து பாருங்கள். போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்து க்ளீனிங். கடற்கரை ஊரில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க்கில் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். அதைத் துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, கூலரின் நாலு பிளாஸ்டிக் காலும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்ததிலேயே, ஃபுல் லோடில் 72 டிகிரி காட்டியது 58-க்கு இறங்கியது. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் டெம்பரேச்சர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் ரூம் 20 டிகிரி, நம்ம ரூம் 35. அந்த 15 டிகிரி அப்படியே சிப்பின் தலையில்தான் ஏறும். நான் 70-ஐத் தாண்ட விடுவதில்லை.

பிறகு பயாஸ். ராமை 800-லிருந்து 667-க்கு இறக்குங்கள். இதுதான் நான் மறந்த மதகு! இப்போது எஃப்.எஸ்.பி. 240-க்குப் போனால் ராம் சரியாக 800-ல் வந்து நிற்கும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 100, பி.சி.ஐ. 33 என்று பூட்டுங்கள். ஒரே தாவாகத் தாவாமல் ஐந்து ஐந்து மெகாஹெர்ட்ஸாக ஏற்றுங்கள். பெட்டி திறக்கவே இல்லையா? பதறாதீர்கள். பவரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு சைஸ் பேட்டரியைச் சில நிமிஷம் கழற்றி மாட்டினால் பழைய செட்டிங் வந்துவிடும்.

வோல்டேஜை மட்டும் ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். போர்டே இஷ்டத்துக்குக் கூட்டிவிடும். சூடு என்பது வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். வேகம் மட்டும் 20 சதவிகிதம் கூடினால் சூடும் சுமார் 20 சதவிகிதம். கூடவே 1.25 வோல்ட்டை 1.35 ஆக்கினால் சுமார் 40 சதவிகிதம்! என் சிப்புக்கு இன்டெல் குறித்திருக்கும் மேல் எல்லை 1.3625. அந்தப் பக்கமே நான் போகவில்லை. புது சிப்புக்கே அதிக வோல்டேஜ் ஆகாது. 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் கிராஷ் ஆன பிரச்னையில், அளவு மீறிய வோல்டேஜும் காரணம் என்று 2024-ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது.

கடைசியாக டெஸ்ட். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், மறுநாள் முழுக்க பிரைம்95. பகா எண் தேட எழுதப்பட்ட சாஃப்ட்வேர் அது. விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, சிப் தப்பாகப் போட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஒரு படி கீழே இறங்குங்கள். ‘ஒண்ணுதானே’ என்று விடாதீர்கள். என் தாத்தா போட்டோவும் அப்படி ஒரு பிட்டில் போனதுதான்.

இவ்வளவும் செய்து 3 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தினேன். எரர் சுத்தமாக இல்லை. 50 செகண்டு எடுத்த வேலை 43 செகண்டில் முடிந்தது. பிறகு பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டினேன். அதில் கிடைத்த வேகத்துக்கு முன்னால் அந்த ஏழு செகண்டு ஜுஜுபி!

இப்போது சாதா நாட்களில் 3 கிகாஹெர்ட்ஸ், திருவிழாவுக்கு முன்னால் மறுபடி 2.5. பிரின்டைக் கையில் கொடுக்கும் வரை கார்டை ஃபார்மேட் பண்ணக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம்.

அந்தக் குடும்பம் அடுத்த திருவிழாவுக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. தாத்தாவையும் கூட்டி வரணும் என்று நான்தான் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன்!