பாதிச் சால் விட்டுப் போடு

"சிப் டிசைனா? அதெல்லாம் ஐ.ஐ.டி.க்காரங்க சமாச்சாரம்ப்பா... நமக்கெதுக்கு?" இறுதியாண்டு பிராஜெக்ட் தலைப்பைச் சொன்னதும் ஹாஸ்டலில் எங்களுக்குக் கிடைத்த முதல் வாழ்த்து இதுதான்! நாங்கள் மூன்று பேர். மூன்று பேருமே தமிழ் மீடியம். நான் அரூரிலிருந்து மலையேறிப் போகும் சித்தேரிக்காரன்.

சொன்னவர்கள் மேல் தப்பில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' பிராசசர் 2018-ல் சிப்பாக வெளிவந்தது. ஒன்று இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரில், இன்னொன்று சண்டிகர் பக்கம் மொகாலியில் இருக்கும் எஸ்.சி.எல்.லில் 180 நானோமீட்டரில். பேப்பரில் படித்துவிட்டு "அடேயப்பா" என்று மடித்து வைக்கிற சங்கதியாகத்தான் நமக்கு அது இருந்தது. ஆனால் 2020-ல் கூகுளும் அமெரிக்காவின் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தின் விதிகளை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஓப்பன்ரோடு, மேஜிக் போன்ற சாஃப்ட்வேர்களும் இலவசம். எங்கள் லேப் கம்ப்யூட்டரிலேயே ஓடும், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு!

நாங்கள் எடுத்தது ஓர் எட்டு பிட் பெருக்கி. சர்க்யூட்டை எழுதிக் கொடுத்தால் சாஃப்ட்வேரே செல்களை அடுக்கி, செல்லுக்குச் செல் ஒயரும் இழுத்துவிடும். ஆட்டோமேட்டிக் ரவுட்டிங் என்பது அதுதான். எப்படி இழுக்கிறது? 1961-ல் லீ என்பவர் எழுதிய முறையை நினைத்துக்கொண்டால் போதும். கட்டம் போட்ட தாளில் புறப்படும் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டங்களில் 1 எழுது, அதற்குப் பக்கத்தில் 2, அடுத்து 3... குளத்தில் கல் போட்ட மாதிரி அலை விரிந்துகொண்டே போய், சேர வேண்டிய கட்டத்தைத் தொட்டதும் எண்களைத் திருப்பி எண்ணிக்கொண்டு வந்தால் பாதை. இப்போதைய ரவுட்டர்கள் எவ்வளவோ கெட்டிக்காரத்தனம் செய்கின்றன என்றாலும் அடியில் இருப்பது கட்டம்தான்.

அந்தக் கட்டம் எவ்வளவு பொடியாக இருக்கலாம்? ஆலையின் மிகச் சிறிய அளவு 0.005 மைக்ரான். அதையே கட்டமாகப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் சதுரத்தில் நாலாயிரம் கோடிப் புள்ளிகள்! எந்தக் கம்ப்யூட்டர் தாங்கும்? 0.34 மைக்ரானுக்கு ஒரு கோடு என்றால் சுமார் 86 லட்சம்தான். ஆகவே ஒயர் போகக்கூடிய கோடுகளை முன்கூட்டியே வரைந்து, "இதன் மேலே மட்டும் போ" என்று ரவுட்டரிடம் சொல்கிறோம். கோட்டுக்குக் கோடு உள்ள தூரம் பிட்ச். முதல் கோடு எங்கே தொடங்குகிறது என்பது ஆஃப்செட்.

முதல் உலோக அடுக்கில் ஒயரின் அகலம் 0.14, இரண்டு ஒயருக்கு நடுவே விட வேண்டிய இடமும் 0.14. கூட்டினால் 0.28. பிறகு ஏன் பிட்ச் 0.34? எங்கள் மூவருக்கும் ஒரு முழு நாள் பிடித்தது. ஒயர் மேல் அடுக்குக்கு ஏற வேண்டிய இடத்தில் 'வயா' என்ற துளை உண்டு. அதைச் சுற்றி உலோகம் கொஞ்சம் அகலமாக, 0.26 வரைக்கும் வேண்டும். பாதி ஒயர் 0.07, இடைவெளி 0.14, பாதி வயா 0.13. கூட்டிப் பாருங்கள், 0.34! ஒரு தலைமுடியின் அகலத்தில் இப்படி இருநூறு கோடுகள் போடலாம். அதற்கு வேண்டிய கணக்கோ அஞ்சாம் வகுப்புக் கூட்டல்தான். என்னைக் கேட்டால், பாதி பயம் ஆங்கிலத்தைப் பார்த்து வருகிற பயம்.

சரி, கதைக்கு வருகிறேன். செட்டப் ஃபைல்களை நாங்கள் புதிதாக எழுதவில்லை. ஏற்கெனவே ஒருவர் செய்து வைத்திருந்ததை வாங்கிக்கொண்டோம். ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால் முந்நூறுக்கு மேல் விதிமீறல்கள்! மறுபடி ஓட்டினோம், மறுபடி முந்நூறு. அடுத்த வாரம் ரிவ்யூ. "ரிச்சி ஸ்ட்ரீட்ல லைன் ஃபாலோயர் ரோபோ ரெடிமேடா கிடைக்கும், வாங்கி வெச்சிட்டுப் பாஸ் பண்ணுங்கப்பா" என்று அக்கறையோடுதான் சொன்னார்கள். என் நண்பன் காசுகூடப் புரட்டிவிட்டான். ரெடிமேட் பிராஜெக்ட் பற்றி இந்த மலரில் எழுதுவது மரியாதை இல்லை. ஆனால் நமக்கெல்லாம் தெரியும்!

திங்கட்கிழமை வரை எனக்கு டைம் கொடுங்கடா என்று சொல்லிவிட்டு, இரவல் லேப்டாப்போடு ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. நெட்டில் தேட முடியாது, யாரையும் கேட்க முடியாது. ஃபைலை வரி வரியாகப் படிப்பதைத் தவிர வேறு வேலையில்லை. அதுவே நல்லதாகப் போயிற்று. படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு செல்லை மட்டும் பார்த்தேன். அதன் பின்கள் எல்லாம் இடது ஓரத்திலிருந்து 0.23, 0.69, 1.15 என்று 0.46 இடைவெளியில் ஒழுங்காக நின்றன. இரண்டாவது அடுக்கின் கோடுகளோ 0, 0.46, 0.92 என்று போயின! பிட்ச் சரி. ஆஃப்செட் மட்டும் 0.23 இருக்க வேண்டிய இடத்தில் சைபர். ஒவ்வொரு கோடும் இரண்டு பின்களுக்கு நட்டநடுவில். ஒயர் பின்னைத் தொட வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் வளைந்து போக வேண்டும். வளைகிற இடத்தில் பக்கத்து ஒயரை இடிக்கும். முந்நூறும் அங்கிருந்துதான்.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னா மாப்ள அது, காட்டுக்குக் கயிறு புடிச்ச மாதிரி?"

சொன்னேன். கட்டம் கட்டமாக இருப்பது ஒவ்வொருத்தர் காடு, இந்தக் கோடு ஒவ்வொன்றும் சால் என்று.

"வரப்பு மேலயேவா மொத சால் போட்டிருக்கான்? எவன் மாப்ள அவன்! பாதிச் சால் விட்டுப் போடணும். அந்தாண்டக் காட்டுக்காரனும் பாதி விடுவான். ரெண்டு பாதியும் சேந்தா ஒரு சால் அகலம் சரியா வந்துரும்ல?"

மரவள்ளிக்கு மூன்றடி என்றால் வரப்பிலிருந்து ஒன்றரை அடி தள்ளி முதல் வரிசை. ஆலைக்காரன் 0.46-க்கு 0.23 என்று வைத்ததும் இதே காரணத்துக்குத்தான். செல்லுக்குப் பக்கத்தில் செல் வைத்தாலும் கோடுகளின் இடைவெளி எங்கும் மாறாது. இதை எந்த மேனுவலிலும் எனக்குப் புரிகிற மாதிரி யாரும் எழுதவில்லை.

ஞாயிறு ராத்திரி ஹாஸ்டலுக்கு வந்து அந்த ஓர் எண்ணை மாற்றி ஓட்டினோம். இருபது நிமிஷம். விதிமீறல் நாலு. அந்த நாலும் வேறு இனம். ஆசை விடவில்லை. முதல் அடுக்கின் பிட்சை 0.68 ஆக்கி, கோடு பாதியானால் வேகமாக முடியுமா என்றும் பார்த்தோம். 2.72 மைக்ரான் உயரச் செல்லில் எட்டுக் கோடுக்குப் பதில் நாலு. ஒயர்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டன.

ரிவ்யூவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "சாஃப்ட்வேர்தானே எல்லாம் செஞ்சுது, நீங்க என்ன செஞ்சீங்க?" என் நண்பன் போர்டில் இரண்டு காடு வரைந்து, நடுவில் வரப்பு போட்டு, கயிறு பிடித்துக் காட்டினான். மரவள்ளிக் காட்டை அவன் பார்த்ததுகூட இல்லை, சேலம் டவுன்காரன்!

அடுத்த வருஷத் தம்பி தங்கைகளுக்கு: திருத்திய ஃபைல் லேபில் ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மிச்சமிருக்கும் நாலு விதிமீறலும் ஆன்டென்னா விதியைச் சேர்ந்தவை, நீளமான ஒயர்களில் வருபவை. நாங்கள் அதைத் தொடவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள்.