உளவும் உள்ளமும்

ஒற்றனை அரபியர் ‘ஜாசூஸ்’ என்பர். தொட்டுத் துழாவி அறிதல் என்னும் பொருளுடைய வேரில் பிறந்த சொல் அது. பிறர் குறையைத் துருவித் தேடும் ‘தஜஸ்ஸுஸ்’ என்னும் செயலைத் திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயம் விலக்குகிறது. வள்ளுவரோ, அரசனுக்கு இன்றியமையாதது எனக் கருதி ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். நாடாள்வோர்க்கு வேண்டியதும் நல்லோர் உள்ளத்தை உறுத்துவதுமான இத்தொழிலைப் பற்றித் தமிழில் எழுந்த அரிய திரைப்படம் ‘அந்த நாள்’.

1954-ஆம் ஆண்டு ஏவி.எம். நிறுவனம் தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கிய படம் இது. பாட்டில்லை, ஆட்டமில்லை. 1943 அக்டோபர் 11, சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாள். வானொலிப் பொறியாளன் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். அந்த வேடத்தில் சிவாஜி கணேசன். சந்தேகத்துக்குரியோர் ஒவ்வொருவராக விசாரிக்கப்படுகின்றனர். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்பதும், மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்தே குண்டு பாய்ந்தது என்பதும் முடிவில்தான் தெரியவருகின்றன.

உஷாவாக வருபவர் பண்டரிபாய். மதரஸாவில் ஓதியவன் ஒரு நடிகையைப் புகழலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். என்னைக் கவர்ந்தது ஒப்பனையோ ஒயிலோ அன்று. அந்த முகத்தின் நேர்மை. கணவனை இழந்து துடிப்பவளாகவே தொடக்கத்தில் அவரைக் காண்கிறோம். முடிவு தெரிந்தபின் மறுமுறை பாருங்கள். அத்துயரில் துளியும் பொய்யில்லை. இரகசியத்தை மறைக்கும் அதே கண்கள், கணவனுக்காக மெய்யாகவே அழுகின்றன. குரலை உயர்த்தாமலே இவ்விரண்டையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறார்.

நவாயத் முஸ்லிம்கள் மிகுந்து வாழும் கன்னடக் கடற்கரை ஊரான பட்கலில் பிறந்தவர் அவர். 1952-இல் ‘பராசக்தி’யின் நாயகி, 1992-இல் ‘மன்னன்’ படத்தின் தாய். அன்னையாகவே அவரை அறிந்த தலைமுறை, உஷாவையும் அறிய வேண்டும்.

இராசபாளையத்து நூற்பாலை ஒன்றில் கணக்கெழுதும் என் மகள், வீட்டில் இப்படத்தைப் பார்த்த மறுநாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செல்லும் பேருந்தில் கேட்டாள்: “அத்தா, உஷா செஞ்சது சரியா?”

நான் ஹாத்திப் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொன்னேன். மக்கா வெற்றிக்கு முன், முஸ்லிம்களின் புறப்பாட்டைக் குறைஷியருக்கு அறிவித்துக் கடிதம் எழுதினார் அவர். அதைக் கூந்தலில் மறைத்துச் சென்ற பெண்ணை அலீ (ரலி) முதலானோர் வழிமறித்து மீட்டனர். அவரது தலையைக் கொய்ய அனுமதி வேண்டினார் உமர் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, முதலில் காரணம் கேட்டார்கள். மக்காவில் ஆதரவின்றி இருந்த தம் குடும்பத்தைக் காக்கவே எழுதியதாக ஹாத்திப் உண்மையுரைத்தார். பத்ருப் போரில் நின்ற அவரை நாயகம் (ஸல்) மன்னித்தார்கள்.

கேட்டறிந்த பின்பே தீர்ப்பு. உஷாவும் கேட்டாள், மன்றாடினாள்; ராஜன்தான் திரும்பவில்லை. அவள் நீதிபதியல்லள்; ஆயினும் அவசரக்காரியுமல்லள்.

மகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். படம் காட்டும் அந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பு, 1943 செப்டம்பர் 10 அன்று, அதே சென்னைச் சிறையில் கேரளத்து வக்கம் அப்துல் காதர் தோழர் மூவருடன் தூக்கிலிடப்பட்டார். வயது 26. பினாங்கில் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கியில் மலபார்க் கரைக்கு வந்தவர். ஆங்கில அரசுக்கு அவர் எதிரியின் ஒற்றர். நமக்கோ விடுதலைத் தியாகி. பெயரளவில் ராஜன்மீது விழும் குற்றமும் இதுவே. ஒருவனைக் கசப்பு செலுத்தியது. மற்றவரை நாட்டுப்பற்று செலுத்தியது. வெளியிலிருந்து நோக்கின் இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

துரோகி என்னும் சொல்லை அயலான்மீது எளிதாக வீசும் காலம் இது. நம் சமுதாயம் அதன் வலியை அறியும். அச்சொல்லைச் சொல்லுமுன் உஷாவைப்போல் உயிர் துடிக்கத் துடிக்கச் சொல்பவர் எத்தனை பேர்? குற்றத்தை வெறுத்தவள், குற்றவாளிக்காக அழுதாள். அந்தக் கண்ணீர்தான் தீர்ப்புக்குத் தகுதி தருகிறது.