மிதிப்பதற்கென்று ஒரு பரிசு

பிள்ளைகள் கையால் செய்து கொடுப்பதை நாம் என்ன செய்கிறோம்? வாழ்த்து அட்டை என்றால் பீரோவுக்குள் போகிறது. களிமண் பொம்மை என்றால் ஷோகேஸில் ஏறுகிறது. அடுத்த போகிக்கு வீடு ஒழிக்கும்போது அது எங்கே போனதென்று யாருக்கும் தெரிவதில்லை. அதனால்தான், லீவில் பேரப்பிள்ளைகளை என்ன செய்ய வைக்கலாம் என்று யாராவது கேட்டால், நடைகல் வார்க்கச் சொல்லுங்கள் என்கிறேன். கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் தென்னைமரத்துக்கும் போகிற வழியில் ஒவ்வொரு எட்டுக்கும் ஒன்றாகப் பதிக்கிற சிமென்ட் கல். ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் எப்படி வழுக்கும் என்று அறுபதைத் தாண்டிய முழங்கால்களைக் கேட்டால் சொல்லும்.

வேண்டியது அதிகமில்லை. வாய் அகன்ற பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்று போதும். உள்ளே விளக்கெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கல் பேசினை விட்டு வராது. சிமென்ட் ஒரு பங்கு, எம்-சாண்ட் மூன்று பங்கு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்துக்குப் பிசைய வேண்டும். தண்ணீர் கூடினால் கல் பலம் குறையும். நடுவில் ஒரு துண்டு கோழிவலை வைத்தால் விரிசல் விட்டாலும் உடைந்து பிரியாது. ஓரடி அகலம், இரண்டு அங்குல கனத்தில் வார்த்தால் எட்டு கிலோ அளவுக்கு வரும். இரண்டு கிலோ சிமென்டுக்கு ஒரு கல்.

தூள் பறக்கிற வேலையைப் பெரியவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு முடித்துவிட வேண்டும். ஈரச் சிமென்ட் காரம். தொட்டவுடன் எரியாது, அதுதான் ஆபத்து. பிள்ளைகள் கையில் ரப்பர் உறை இல்லாமல் தொடவே விடாதீர்கள். வெளிநாட்டுப் படங்களில் பிஞ்சுக் கை பதிந்த கல்லைக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். எனக்கு அது வேண்டாம்.

அதைவிட நல்லது இலை. பப்பாளி, ஆமணக்கு, பூவரசு, எதுவானாலும் நரம்பு தடித்த பக்கம் கீழே இருக்க வேண்டும். வார்த்த உடனே வைத்தால் இலை மூழ்கிவிடும். கொஞ்ச நேரம் பொறுத்தால் மேலே கசிந்த தண்ணீர் இழுத்துக்கொள்ளும். கட்டைவிரலால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். அதுதான் சமயம். இலையை வைத்து, மேலே ஒரு பாலிதீன் தாளைப் போட்டு, பூரிக்கட்டையை லேசாக உருட்டினால் போதும். மறுநாள் இலையை உரிக்கும்போது ஆமணக்கின் அத்தனை நரம்பும், கிளை நரம்பும், ஓரத்துப் பல்லும் கல்லில் இருக்கும். சயன்ஸ் புத்தகத்தில் இலையின் படம் வரைந்து பாகம் குறித்த பிள்ளை, இலையை முதல் தடவையாகப் பார்ப்பது அப்போதுதான்.

கலர் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஆத்தங்குடிக்காரர்களிடம் கற்றுக்கொள்ளலாம். இங்கிருந்து நத்தம், சிங்கம்புணரி வழியாகக் கிழக்கே போனால் செட்டிநாடு. அங்கே ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, கலர்க் குழம்பை முதலில் ஊற்றி, அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, கடைசியாக ஈரக் கலவையை நிரப்புகிறார்கள். நமக்குக் கீழே தெரிவதுதான் நாளைக்கு மேலே. சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. தண்ணீரில் ஊறியே இறுகுகிறது அந்தக் கல். கண்ணாடியில் படிந்த முகம் பளபளக்கும். கூடத்துக்கு அது அழகு. மழையில் நனைகிற கொல்லைக்கு ஆகாது. நமக்குச் சொரசொரப்பு வேண்டும். உடைந்த வளையல், கண்ணாடிச் சில்லு பதிப்பதும் அப்படியே: செருப்புக்காலோடு தோட்டத்தில் நடக்கிறவர்களுக்குச் சரி, நாம் வெறுங்காலோடு போகிறவர்கள்.

இனித்தான் பிள்ளைகளுக்குப் பொறுக்காத கட்டம். 'தாத்தா, காஞ்சிருச்சா?' என்று மணிக்கொரு தரம் வந்து நிற்பார்கள். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. காய விட்டால் கெட்டது. நிழலில் வைத்து, சாக்கைப் போர்த்தி, ஒரு வாரமாவது காலையும் மாலையும் நனைக்க வேண்டும். ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். முழுப் பலத்துக்குக் கொத்தனார், என்ஜினீயர் எல்லாரும் வைக்கிற கணக்கு 28 நாள். வார்ப்பது ஒரு மணி நேர வேலைதான். அந்த ஒரு வாரம் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்திலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற ஞாபகம் வைத்திருக்கிறதே, அந்தப் பிள்ளை கொடுப்பதுதான் பரிசு.

பிள்ளைகள் உபயோகமாக ஒன்றைச் செய்வது புது யோசனை இல்லை. எங்கள் சின்னாளப்பட்டிப் பக்கம் 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்துவிட்டார். பிள்ளை கையால் செய்வது புழங்குகிற பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. இன்றைய கிராஃப்ட் வகுப்பில் தெர்மாகோலை வெட்டி, மினுமினுப்புத் தூளை ஒட்டி, மார்க் வாங்கியதும் குப்பையில் போடுகிறோம். நாம் கொஞ்சம் பின்னால் போய்விட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சங்கடம் உண்டு. நம் வீடுகளில் புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பேத்தி பேரை எழுதிய கல்லை அப்பத்தா மிதிப்பாளா? மாட்டாள், கழுவித் துடைத்துச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடுவாள். ஆகவே எழுத்து வேண்டாம், சாமி படமும் வேண்டாம். இலை போதும், அல்லது நாலு புள்ளிக் கோலம். வாசலில் போட்ட கோலத்தை மிதித்துக்கொண்டுதானே தினமும் போகிறோம். அப்படியும் தயங்கினால், பிள்ளைகளையும் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வாருங்கள். பெருமாள் கோயிலில் கருவறை வாசற்படிக்குக் குலசேகரப்படி என்று பேர். சேர நாட்டை ஆண்ட குலசேகர ஆழ்வார், திருவேங்கடத்தில் அடியார்கள் ஏறி இறங்குகிற படியாகக் கிடக்க ஆசைப்பட்டவர். ராஜா கேட்ட இடம் அது. காலடியில் கிடப்பது மட்டம் என்று அதற்குப் பிறகு எந்த அப்பத்தாவும் வாதாட மாட்டாள்.

கொடுப்பதற்குக் காணும் பொங்கல் தோதான நாள். பெரியவர்களைப் பார்த்து விழுந்து கும்பிடப் போகிற நாள்தானே. கார்த்திகைக் கடைசி ஞாயிறு வார்த்தால் 28 நாள் தாராளமாகக் கிடைக்கும். மார்கழி வெயிலும் கல்லைச் சட்டென்று காயவைக்காது. அரையாண்டுப் பரீட்சை வரும் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போனால் மார்க் ஒன்றும் குறையாது.

கல்லைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது, பதித்தும் கொடுக்க வேண்டும். குழி தோண்டி, ஓரங்குலம் மணல் பரப்பி, கல்லின் முகம் தரைக்குச் சமமாக வருமாறு வைக்க வேண்டும். கொஞ்சம் தூக்கி நின்றாலும் கால் இடறும். இடைவெளியைப் பிள்ளைகள் தங்கள் எட்டுக்கு வைத்துத் தாவி விளையாடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். மண்ணை நனைத்து, அப்பத்தாவை எப்போதும் போல நடக்கச் சொல்லி, அவள் காலடி விழுந்த இடத்தில் எல்லாம் ஒரு குச்சியை நட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.