வலி நீங்கும் நாளும் பலம் திரும்பும் நாளும்



2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில், திரிபுராவைச் சேர்ந்த தீபா கர்மாகர் வால்ட் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். மறு ஆண்டே முழங்காலில் அறுவைச் சிகிச்சை. 2018 ஜூலையில் துருக்கியின் மெர்சின் நகரில் உலக சேலஞ்ச் கோப்பைத் தங்கத்தை வென்றார். நாம் வெற்றியைக் கொண்டாடுகிறோம். இடைப்பட்ட மாதங்களை மறந்துவிடுகிறோம்.

முழங்காலில் பொருத்தப்படும் புதிய தசைநார் உறுதிப்பட மாதங்கள் பல ஆகும். வலி முந்தி விலகும். பலம் பிந்தியே வரும். வலியில்லையென்று அவசரப்பட்டுக் குதித்தால் அது மறுபடியும் அறுந்துபோகக்கூடும். ஆகையால் முதலில் மடக்கி நீட்டுதல், பின்பு நடத்தல், பின்பு ஓடுதல், கடைசியிலேயே குதித்தல்.

சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்து உறங்கவிட்டார். மறுபடியும் போஜனம் தந்தார். அதன்பின்னரே ஓரேபுக்கு நாற்பது நாள் பயணம்.

செம்மநத்தத்தில் கவாத்து செய்த காப்பிச்செடியிடம் அடுத்த மாதமே பழம் கேட்போர் உண்டோ? அப்படியிருக்க, அறுவைச் சிகிச்சையிலிருந்து எழுந்தவரிடமும், துணையை இழந்தவரிடமும், "இன்னுமா தேறவில்லை?" என்று ஏன் கேட்கிறோம்?

இவ்வாரம் அப்படிப்பட்ட ஒருவரின் வீட்டுக்குச் செல்லுங்கள். உணவு கொண்டுசெல்லுங்கள், கேள்விகளைக் கொண்டுசெல்லாதிருங்கள். அந்த ஒருவர் நீங்களே என்றால், இன்று எடுக்கக்கூடிய ஓர் அடியை மட்டும் எடுத்து வையுங்கள். தேவன் அவசரப்படுவதில்லை.

கர்த்தர்தாமே உங்களைத் திடப்படுத்துவாராக. ஆமென்.