கிள்ளானா பிரிக்பீல்ட்ஸா

கடந்த தீபாவளி மதியம், ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சாப்பாடும் முடிந்து எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில் தம்பி கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். உலகத்தில் வாழத் தகுந்த நகரங்களின் பட்டியல். எகனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் ஆண்டுதோறும் வெளியிடுவது. 2025-இல் கோப்பன்ஹேகன் முதலிடம். அதற்கு முன் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வியன்னா. "நம்ம ஊரு எங்க கிடக்குன்னு பாருங்க" என்றான். அவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியர்களிடம் இப்படி ஒரு பட்டியல் எப்போதும் கைவசம் இருக்கும்.

"நம்ம ஊருன்னா எது? கிள்ளானா, கேஎல்லா?" என்று கேட்டார் அம்மா.

அம்மாவுக்குத் தெரியும், அவன் எதற்கு அடி போடுகிறான் என்று. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. காப்பார் சாலையை ஒட்டிய தாமானில், ஒற்றை மாடி தெரஸ் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். நான் ஆறு வருடமாக பிரிக்பீல்ட்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறேன். கிள்ளான் வீட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தை முன்பணமாகப் போட்டு கேஎல்லில் ஒரு கொண்டோ வாங்கி, அம்மாவும் நானும் ஒன்றாக இருக்கலாம் என்பது தம்பியின் திட்டம். தாளில் எழுதிப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத திட்டம்தான். அவன் எழுதியும் வைத்திருந்தான்.

பெரியப்பாவும் அன்று வந்திருந்தார். அம்மாவின் அக்காவைக் கட்டியவர். "பிரிக்பீல்ட்ஸ் மாதிரி ஒரு ஊரு இந்த நாட்டுலயே கிடையாதுலா" என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸைப் புகழ்கிறவர்கள் யாரும் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதில்லை. பெரியப்பா இருப்பது பூச்சோங்கில்.

ஆனால் அவர் சொல்வதற்கு ஒரு நியாயம் இருந்தது. அவர் பிறந்தது அங்கே நூறு குவாட்டர்ஸில். ரயில்வே ஊழியர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வரிசை வீடுகள். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளை அழித்த பிறகு, இனிமேல் செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்று முடிவானபோது சூளைகள் இங்கே எழுந்தன. பிறகு ரயில் பட்டறைகள் வந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிகளும் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளும் வந்தார்கள். கந்தசுவாமி கோயில், விவேகானந்தா ஆசிரமம், புத்த விகாரை, தேவாலயங்கள் எல்லாம் நடந்தே போகிற தூரத்தில். பெரியப்பாவின் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெருமுனையிலேயே தெரிந்துவிடும் என்பார் பெரியப்பா.

"அப்புறம் ஏன் பெரியப்பா பூச்சோங் போனீங்க?" என்று தம்பி கேட்டான்.

"அது கவர்மெண்ட் வீடு. ரிட்டையர் ஆனா சாவியக் குடுத்துடணும்."

ஊர் முழுக்க அவருடையது. வீடு மட்டும் அவருடையது இல்லை. சில வருடங்களுக்கு முன் அந்தக் குவாட்டர்ஸையும் இடித்துவிட்டார்கள். இடிக்கும்போது போய் நின்று பார்த்தாராம். படம் எடுத்தீர்களா என்று கேட்டேன். "என்னாத்துக்கு?" என்றார்.

பட்டியலில் முதலிடம் பிடித்துக்கொண்டிருந்த வியன்னாவைப் பற்றி அன்றிரவு படித்தேன். அங்கே ஏறத்தாழ பாதிப் பேர் நகராட்சி கட்டிய வீடுகளிலோ மானிய வீடுகளிலோதான் இருக்கிறார்கள். கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான தொழிலாளர் குடியிருப்பு, 1930-இல் திறந்தது. இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். நம் நூறு குவாட்டர்ஸும் அதே தலைமுறைக் கட்டடம்தான், அதைவிடச் சற்று மூத்தது. அதற்குமேல் ஒப்பிட எனக்குத் தெம்பில்லை.

பிரிக்பீல்ட்ஸை நான் குறைசொல்ல மாட்டேன். ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001-இல் கேஎல் சென்ட்ரல் வந்தது, 2003-இல் மோனோரயில். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து, நஜிப்போடு சேர்ந்து லிட்டில் இந்தியா என்று பெயர்சூட்டித் திறந்துவைத்தார். துன் சம்பந்தன் சாலை முழுக்க வளைவுகளும் வண்ணமும். எனக்கு ஆபீஸுக்கு இருபது நிமிடம். இரவு பதினோரு மணிக்கும் தோசை கிடைக்கும். ஒரு பெண் தனியாக நடக்கத் தெருவில் வெளிச்சமும் ஆட்களும் இருப்பார்கள். தம்பியின் தாளில் இதெல்லாம் இருந்தது. வாடகை 1,900 வெள்ளி என்பதும், எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவது இன்னொரு கொண்டோவின் கார் நிறுத்தும் மாடி என்பதும் இல்லை.

அம்மா கிள்ளானுக்காக வாதாடவே இல்லை. பட்டிமன்றம் என்றால் அந்தத் தரப்பு பேச்சாளர் வராத மேடை மாதிரி இருந்தது. தம்பிதான் கிள்ளானின் குற்றங்களை அடுக்கினான். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசல். துறைமுகத்துக்குப் போகும் லோரிகள். கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். 2024-இல் மாநகரம் என்று பெயர் வந்ததே தவிர, சாக்கடை அதே சாக்கடை. கடைசியாக வெள்ளத்தை எடுத்தான். 2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

"அன்னிக்கு ராத்திரி எங்க படுத்தோம்?" என்று மட்டும் கேட்டார் அம்மா.

பின் தெருவில், இரட்டை மாடி வீட்டுச் சீனப் பெண்மணியின் மேல்மாடியில். அப்பா, அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, அவர் பேரப் பிள்ளைகள், ஒரு மலாய்க் குடும்பம், இரண்டு பூனை. இரண்டு இரவு. அந்த ஆன்ட்டிக்கும் அம்மாவுக்கும் அதுவரை தலையசைப்புப் பழக்கம்தான். இப்போது எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அவர் வீட்டுக்குப் போகும். அங்கிருந்து சீனப் பெருநாளைக்கு ஆரஞ்சு வரும். தம்பி அப்போது சிங்கப்பூரில்; நினைத்தவுடன் எல்லை கடந்து வர முடியாத கோவிட் காலம். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆனா திரும்ப வரும்லம்மா, தண்ணி" என்றான். அதுவும் உண்மைதான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்தப் பட்டியலை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று பார்த்தேன். 173 நகரங்கள். நிலைத்தன்மை, மருத்துவம், பண்பாடும் சுற்றுச்சூழலும், கல்வி, உள்கட்டமைப்பு என ஐந்து தலைப்புகள், முப்பதுக்கும் மேற்பட்ட அளவைகள். எனக்கு வேடிக்கையாக இருந்தது அதன் பயன். ஒரு நிறுவனம் தன் அதிகாரியை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது, அந்த ஊரில் அவர் படப்போகும் சிரமத்துக்கு எவ்வளவு கூடுதல் பணம் தரவேண்டும் என்று கணக்கிட உதவும் அட்டவணை இது. எண்பது மதிப்பெண்ணுக்குமேல் என்றால் படி கிடையாது. எழுபதிலிருந்து எண்பது என்றால் சம்பளத்தில் 5 விழுக்காடு. ஐம்பதோ அதற்குக் கீழோ என்றால் 20 விழுக்காடு. சிரமப்படி. அதாவது வாழத் தகுந்த நகரம் எது என்ற கேள்வியைக் கேட்டவர் அங்கே இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுக் கிளம்புகிறவர். அவர் கேள்வியில் தப்பில்லை. நாம் ஏன் அதை நம் கேள்வியாக எடுத்துக்கொண்டு தீபாவளி மேசையில் சண்டை போடுகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் தாத்தாவையும் ஒரு நிறுவனம் வேற்று நாட்டு மண்ணில்தான் வைத்திருந்தது. சிரமப்படி கொடுக்கவில்லை.

அம்மாவின் அப்பா. காப்பார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். 1941-இல் அவருக்குப் பத்தொன்பது வயது. அந்த வருடம் மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் முன்னின்றவர்களில் ஒருவர். மே மாதம் அவரைக் கைதுசெய்ததும் போராட்டம் பரவியது, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பல்கலைக்கழகத்தில் வேறு எதற்கோ ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது கிடைத்தது.

அந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை இப்போது மறுபடி எடுத்துப் படித்தேன். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியே தமிழனுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான படிப்பு வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. கூடிப் பேச, சங்கம் அமைக்க உரிமை வேண்டும். உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்து போக அனுமதிக்க வேண்டும். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதிக்க வேண்டும்.

கல்வி, மருத்துவம் வரைக்கும் தம்பியின் பட்டியலோடு ஒத்துப்போகிறது. பிறகு வருவதற்கு அங்கே கட்டமே இல்லை. இதுவும் ஓர் இடத்தை வாழத் தகுந்ததாக்குவது எது என்ற பட்டியல்தான். ஆனால் இது அங்கேயே பிறந்து, பிள்ளை பெற்று, செத்துப் புதையப் போகிறவர்கள் எழுதியது.

தாத்தாவிடம் சைக்கிளே இருந்ததில்லை என்று அம்மா சொன்னார். "அப்புறம் என்னாத்துக்குப்பா ஸ்ட்ரைக் பண்ணுனீங்கன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். 'நாளைக்கு வாங்குவோம்ல' அப்படின்னாரு."

வாங்கினார். நாற்பத்தெட்டிலோ ஐம்பதிலோ. அம்மாவுக்கு அந்த சைக்கிளின் பின் இருக்கை நினைவிருக்கிறது. அதில்தான் கிள்ளான் பெருமாள் கோயிலுக்குப் போவார்களாம், புரட்டாசி சனிக்கிழமையில்.

ஜனவரியில் அம்மாவுக்கு இடது கண்ணில் புரை அறுவை சிகிச்சை. கேஎல்லில் ஏற்பாடு செய்தோம். இரண்டு வாரம் என் வீட்டில். தம்பி இதை வெள்ளோட்டம் என்றான்.

முதல் வாரம் பிரிக்பீல்ட்ஸ் ஜெயித்தது. ஒத்துக்கொள்ள வேண்டும். பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் நடைபாதைகளில் மஞ்சள் நிற மேடுபள்ளக் கற்கள் பதித்திருப்பார்கள். ஒரு கண்ணில் கட்டோடு அம்மா அந்தக் கற்களின் மேலேயே கோயில்வரை நடந்தார். நடுவில் ஒரு மோட்டர் சைக்கிளை நிறுத்தி வைத்திருந்தார்கள்; அதைச் சுற்றிக்கொண்டு மறுபடி கல்லில் ஏறினார். "காலுக்கே கண்ணு வச்ச மாதிரி இருக்கு. நம்ம கிள்ளான்ல இது இல்ல" என்றார். இதைத் தம்பிக்கு உடனே சொன்னேன். அவன் கட்டைவிரல் படம் அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் நான் ஆபீஸில் இருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை கிள்ளானிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார். கொமுட்டரில், ஒரு மங்கில் மீன் குழம்பும் இன்னொன்றில் புட்டும் எடுத்துக்கொண்டு. வாசலில் ஜாகா அடையாள அட்டை கேட்டிருக்கிறார். அத்தை பையை மாற்றிக்கொண்டு வந்ததில் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டார். வீட்டுக்காரர் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். பதிந்திருந்த எண் என்னுடையது. நான் மீட்டிங்கில் இருந்தேன், எடுக்கவில்லை. அம்மாவின் கைப்பேசி சார்ஜில், இன்னோர் அறையில். அத்தை முக்கால் மணி நேரம் காவல் கொட்டகைக்கு வெளியே நின்றுவிட்டு, மங்குகளை ஜாகாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மாலை நான் வந்தபோது ஜாகா இரண்டு மங்கையும் எடுத்துக் கொடுத்தார். நேபாளத்துக்காரர். மலாயில் மன்னிப்புக் கேட்டார். உள்ளே விட்டிருந்தால் கேமராவைப் பார்த்து சம்பளத்தில் பிடித்துவிடுவார்களாம். எப்போது ஷிஃப்ட் முடியும் என்று கேட்டேன். காலை ஏழுக்கு வந்தால் இரவு ஏழு, பன்னிரண்டு மணி நேரம் என்றார். வீட்டுக்கு வந்து மேசையில் குழம்பை வைத்த பிறகுதான் அந்தப் பழைய பட்டியல் நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு மணி நேரம். உறவினர் தடையில்லாமல் வந்துபோவது. எண்பத்துச் சொச்சம் வருடம் கழித்து, மாதம் 1,900 வெள்ளி வாடகை கொடுத்து இரண்டையும் நானே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

அம்மா கோபப்படவில்லை. "பாவம், அவுங்க வேலை அது" என்றார். குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். அத்தைக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். மறுநாள் காலை பசியாறும்போது, "இங்க யாரும் வர்றதில்லையா உன்னைப் பார்க்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். ஆறு வருடத்தில் இந்த வீட்டுக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். உணவு கொண்டுவருகிறவர்களைச் சேர்க்காமல் எண்ணினால் இரண்டு கை விரல்கள் போதும்.

பதினைந்தாம் நாள் நானே கூடப் போய் விட்டுவந்தேன். சுபாங், ஷா ஆலம் தாண்டி ரயில் மெதுவாகப் போனது. தம்பி சொன்னது போலவே ஒரு மணி நேரத்துக்கு மேல். கிள்ளான் நிலையத்தில் அத்தையின் மகன் காடியோடு நின்றிருந்தான். அவனிடம் யாரும் வரச் சொல்லவில்லை.

வீட்டை விற்பது பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை. தம்பி விலை ஏறினால் பார்க்கலாம் என்கிறான். வாசலில் ஓர் அடி உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டுவதற்குப் பணம் அனுப்பியிருக்கிறான், மழைக்காலத்துக்கு முன்னால் முடிக்கச் சொல்லி. என் வாடகை ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். தாள் ஒரு வாரமாக மேசையில் கிடக்கிறது. கிள்ளானிலிருந்து ஆபீஸுக்கு வருவதென்றால் எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கணக்குப் போட்டேன்; பயமாக இருந்தது; மூடி வைத்துவிட்டேன். நேற்று அம்மாவிடம் இதைச் சும்மா சொன்னேன்.

"வர்றதுன்னா முன்னாடியே சொல்லிடு" என்றார். "பின் ரூம ஒதுக்கணும். உங்கப்பா சாமானெல்லாம் அதுலதான் கிடக்கு."