தியோமான் கடலுக்கு எந்த உடை?

மெர்சிங் படகுத்துறையில் பசியாறிவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுமுகத்தில் தண்ணீர் ஏறினால்தான் படகு புறப்படும். புறப்பட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் தியோமான் மலைகள் கண்ணெதிரே எழும்பி நிற்கும். ஏறுவது ஜொகூரில், இறங்குவதோ பகாங்கில்!

தெக்கேக் கம்பத்துக்குத் தெற்கே ரெங்கிஸ் என்றொரு குட்டித் தீவு உண்டு. அதைச் சுற்றி முகமூடியும் மூச்சுக்குழலும் அணிந்து மிதந்தால் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். துடுப்பின் முனை கறுத்த சிறு சுறாக்களும் கண்ணில் படும். அந்த அழகில் நேரம் போவதே தெரியாது. அங்கேதான் சிக்கல்.

கடல்நீரின் வெப்பம் 28 அல்லது 29 டிகிரி. இதமாகத்தான் இருக்கும். ஆனால் நம் உடலின் வெப்பம் 37 டிகிரி அல்லவா? காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகத் தண்ணீர் உடற்சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழிந்ததும் ஒல்லியான பிள்ளைகளுக்கு உதடு நீலம் பாரித்துவிடும். பெரியவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளலாம். கரை தூரமாக இருந்தால் அது விளையாட்டல்ல.

இதற்காகத்தான் வெட்சூட் என்னும் ரப்பர் உடை. தண்ணீரே புகாத உடை என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. தண்ணீர் புகும், தோலுக்கும் உடைக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று சூடாகும். அந்தச் சூட்டை வெளியே விடாமல் காப்பவை ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். பெர்க்லி பல்கலைக்கழகத்து இயற்பியலர் ஹியூ பிராட்னர் 1952-ஆம் ஆண்டு வாக்கில் கண்ட யோசனை இது.

நியோப்ரீன் என்பது ரசாயனச் சாலையில் பிறந்த செயற்கை ரப்பர். ஆனால் 2016-இல் பாத்தகோனியா என்னும் அமெரிக்க நிறுவனம், பால்மரத்து இயற்கை ரப்பரைக் கொண்டு இந்த உடைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்தாருக்கு இது இனிக்கும் சேதிதானே!

சரி, எதை வாங்குவது? 5 மில்லிமீட்டர் கனமுள்ளதைக் காட்டி விலை சொல்வார்கள். அது குளிர்க் கடலுக்கு உரியது. நம் கடலில் காற்றுக்கலத்தோடு முக்குளிப்பவர்களுக்கு 3 மில்லிமீட்டர் போதும். மேலே மிதந்து மீன் பார்க்கும் உங்களுக்கு 2 மில்லிமீட்டரில் அரைக்கை, அரைக்கால் உடையே தாராளம். கனம் கூடினால் மிதப்பும் கூடும். முக்குளிப்பவர் இடுப்பில் அதிக ஈயம் கட்ட வேண்டி வரும்.

கனத்தைவிட முக்கியம் அளவு. போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். கைகளை உயர்த்துங்கள், குந்தி எழுங்கள், மூச்சை நன்றாக இழுங்கள். கழுத்து நெரியக்கூடாது. அக்குளிலும் முதுகின் அடிப்பள்ளத்திலும் இடைவெளி இருந்தால் அந்த உடையை வைத்துவிடுங்கள். அந்த வழியே புதுத்தண்ணீர் வந்து வந்து போகும், சூடு நிற்காது. “வளர்கிற பிள்ளைதானே” என்று தீபாவளிச் சட்டையைப்போல் ஓர் அளவு பெரிதாக எடுத்தால் கொடுத்த வெள்ளி வீண். பிள்ளைகளுக்கு வாடகைக்கு எடுப்பதே என் கட்சி. வாடகை உடையில் தையல் பிரிந்திருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு ஏறும். நகத்தால் இழுக்காதீர்கள், கிழிந்துவிடும். குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். வெயில் ரப்பரைத் தின்றுவிடும்.

இன்னொன்று. இந்த உடை சற்று மிதக்கத்தான் செய்யும். ஆனால் மயங்கியவரின் முகத்தை நீருக்கு மேல் தூக்கிப் பிடிக்காது. நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இதன்மேல் உயிர்காப்பு மேலாடையும் கட்டாயம் வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தக் கடல் கொந்தளிக்கும், படகுகளும் குறைந்துவிடும். மார்ச்சுக்குப் பிறகு வரும் பள்ளி விடுமுறையில் புறப்படுங்கள்.