ஜெயிச்சாச்சு... காசு எங்கே பாஸ்?

உங்க ஃப்ரெண்டு கைமாத்தா ஐந்நூறு ரூபாய் வாங்கிட்டு டிமிக்கி கொடுத்தா என்ன பண்ணுவீங்க? ரூமுக்குப் போய் பைக் சாவியைத் தூக்கிட்டு வந்துடுவீங்க. சரி, காசு தர வேண்டியது ஒரு நாடுன்னா? எந்தச் சாவியைத் தூக்குவீங்க?

ஸ்காட்லாந்து எண்ணெய் கம்பெனி கெய்ர்ன் எனர்ஜிக்கு இந்தப் பிரச்னை வந்துச்சு. 2006-ல தன் இந்தியச் சொத்துகளை ஒரே கம்பெனிக்குக் கீழ கொண்டுவந்தாங்க. 2012-ல நம்ம அரசு வருமான வரிச் சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தி, அந்தப் பழைய கணக்குக்கு 10,247 கோடி ரூபாய் வரி கேட்டுச்சு. கெய்ர்னோட பங்குகளையும் வித்துக் காசாக்கிடுச்சு. கம்பெனி, இந்தியா - பிரிட்டன் முதலீட்டு ஒப்பந்தத்தைக் காட்டி நடுவர் மன்றத்துக்குப் போச்சு. 2020 டிசம்பர்ல, ஹேக் நடுவர்கள் மூணு பேரும் ஒருமனதா கெய்ர்னுக்கு 120 கோடி டாலர், கூடவே வட்டியும் செலவும் தரணும்னு சொன்னாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தர் இந்தியா நியமிச்ச நடுவர்!

தீர்ப்பு வந்துடுச்சு, பணம் வரலை. எதிர்த்து ஹேக் கோர்ட்டுக்குப் போச்சு இந்தியா.

இந்த மாதிரி நேரத்துக்குத்தான் 1958-ல போட்ட நியூயார்க் உடன்படிக்கை இருக்கு. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் இதுல உறுப்பினர். நடுவர் தீர்ப்பை எடுத்துக்கிட்டு எந்த உறுப்பு நாட்டுக் கோர்ட்டுக்கும் போய், அங்கே இருக்கிற சொத்தை ஜப்தி பண்ணக் கேட்கலாம். ஆனா தூதரகக் கட்டடம், போர்க்கப்பல் மேலயெல்லாம் கை வைக்க முடியாது. வியாபாரத்துக்கான சொத்தா தேடிப் பிடிக்கணும். கெய்ர்ன் தேடுச்சு. 2021 மே மாசம், அப்போ அரசு கம்பெனியா இருந்த ஏர் இந்தியா மேல நியூயார்க்ல வழக்கு. அடுத்த ரெண்டு மாசத்துல பாரிஸ்ல இந்திய அரசோட சுமார் 20 சொத்துகள் முடக்கம். பெரும்பாலும் ஃபிளாட்டுகள். மதிப்பு 2 கோடி யூரோவுக்கு மேல.

அப்போ நான் சட்டக் கல்லூரி மாணவன். எங்க வாட்ஸ்அப் குரூப்ல பெரிய சண்டை. 'நம்ம நாட்டுச் சொத்தை எவனோ முடக்குறான், உனக்கு ரோஷமே இல்லையாடா?'ன்னு ஒருத்தன் கேட்டான். எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. கடன் வழக்குல ஜெயிச்சு டிக்ரி வாங்கி, அதை நிறைவேத்தச் சொல்லி இன்னொரு மனு போட்டு, வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்தவர் அவர். கடன் வாங்கின ஆள், 'ஊர்ல என் மானத்தை வாங்கிட்டீரே'ன்னு தாத்தாகிட்டயே சண்டைக்கு வந்தாராம்! அதனால நான் கெய்ர்ன் கட்சி. 'தேசத்துரோகி' பட்டம் கிடைச்சது. அந்த வருஷம் எனக்குக் கிடைச்ச ஒரே பட்டம் அதுதான்.

2021 ஆகஸ்ட்ல முன்தேதி வரியையே ரத்து பண்ணி பார்லிமென்ட்ல புதுச் சட்டம் நிறைவேறுச்சு. வழக்குகளை வாபஸ் வாங்கினா வாங்கின வரியைத் திருப்பித் தர்றதா ஏற்பாடு. கெய்ர்ன் நியூயார்க், பாரிஸ் எல்லாத்தையும் வாபஸ் வாங்கிடுச்சு. 2022 பிப்ரவரியில சுமார் 7,900 கோடி ரூபாய் கைக்கு வந்துச்சு.

வட்டி மட்டும் கோவிந்தா!